க்ரீக் கரையில் மூன்று பார், ஒரு மாப்பிள்ளை

என்னை நம்பி ஒரு கல்யாணத்தை ஒப்படைத்தார்கள் என்றால், எங்கள் குடும்பத்தில் ஆண்களுக்கு எவ்வளவு பஞ்சம் என்று நீங்களே புரிந்துகொள்ளலாம்.

நான் துபாய் போனது காலண்டர் விற்க. சிவகாசியில் நாங்கள் அச்சடிக்கும் தினசரித் தாள் காலண்டருக்குத் தேரா பக்கத்துக் கடைகளில் கிராக்கி உண்டு. நான்கு நாள் பயணம். கிளம்புவதற்கு முந்தின நாள் மதுரையிலிருந்து செல்வி அக்கா பஸ் ஏறி வந்துவிட்டாள். கையில் ஒரு பயோடேட்டா. அவள் மகள் நித்யாவுக்குப் பார்த்திருக்கும் பையன். பெயர் சரவணன், ஊர் புதுக்கோட்டை, வேலை துபாயில் குளிர்சாதனப் பொறியாளர், ஜாகை அல் குசைஸ். ஜாதகம் பொருந்திவிட்டது. ஒரு மாதமாக இருவரும் போனில் பேசுகிறார்கள். நித்யாவுக்குப் பிடித்துவிட்டது.

இடையூறு எதிர்வீட்டிலிருந்து வந்தது. எதிர்வீட்டுப் பையன் ஒருவன் தேராவில் ஹோட்டல்களுக்குக் காய்கறி இறக்கும் வேலையில் இருக்கிறான். சரவணனின் போட்டோவைப் பார்த்துவிட்டு அவன் சொன்னானாம்: இவரைப் பாரிலிருந்து வெளியே வரும்போது பார்த்திருக்கிறேன். மூன்று தடவை. மூன்றும் வேறு வேறு பார். மூன்று தடவையும் காலை பத்து மணி.

சாயங்காலம் குடிக்கிறவனை எங்கள் பக்கம் மன்னிப்பார்கள். காலை பத்து மணி என்பது வேறு வகுப்பு. அத்தான் அந்த வகுப்பில்தான் இருந்தார். ஆறு வருஷத்துக்கு முன்னால், நாற்பத்தொன்பது வயதில், கல்லீரல் கைவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அதனால் அக்கா இதைச் சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை.

"நேரா போய்க் கேட்டு வைக்காதடா. குடிக்கிறியான்னு கேட்டா எவன் ஆமாம்பான்? ஒரு நாள் கூட இருந்து பழகிப் பாரு. நீ சரின்னா பேசி முடிச்சுருவோம். நீ இல்லன்னா இல்ல, அவ அழுதாலும் சரி."

"நான் சொன்னாப் போதுமாக்கா?"

"நீ குடிக்கிறவன். உனக்குத்தான் மோப்பம் தெரியும்."

என் வாழ்க்கையில் ஒரு கெட்ட பழக்கம் தகுதியாக எடுத்துக்கொள்ளப்பட்டது அதுவே முதல் முறை.

முதல் நாள் வியாபாரம். தேராவில் மசாலாக் கடை வைத்திருக்கும் கீழக்கரைப் பெரியவர் ஒருவர் எனக்குப் பால் சேர்க்காத சுலைமானி டீ வாங்கிக் கொடுத்து, மாதிரித் தாளை மூக்குக் கண்ணாடிக்குக் கீழே வைத்து அரை மணி நேரம் படித்தார். தொழுகை நேரம் பெரிய எழுத்தில் வேண்டும் என்றார். அதற்கு இடம் பண்ண ராகு காலத்தை எடுத்துவிடலாமா என்று கேட்டேன்.

"அதுல மட்டும் கைய வச்சிராதீங்க தம்பி. ராகு காலம் இல்லன்னா உங்க ஆளுக நம்ம கடைப் பக்கமே வரமாட்டாக. ஆனா ஒண்ணு, அது மதுரை ராகு காலமா, துபாய் ராகு காலமா? சூரியன் இங்க ஒன்றரை மணி நேரம் லேட்டா வருதுல்ல?"

இருபது வருஷம் காலண்டர் விற்ற எனக்கு இந்தக் கேள்வி தோன்றியதில்லை. ஊரில் ஜோசியரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று தப்பித்து வந்தேன்.

இரண்டாம் நாள் வெயில். நாற்பது டிகிரி என்று போன் காட்டியது. அது என்னைச் சமாதானப்படுத்தச் சொன்ன கணக்கு என்று நினைக்கிறேன். அங்கே பஸ் நிறுத்தத்துக்கு ஏசி போட்டிருக்கிறார்கள். கண்ணாடி அறை, உட்கார நாற்காலி, சில்லென்ற காற்று. எங்கள் ஊரில் ஏசி பஸ் என்றே ஒன்று வந்தபோது கூட்டம் கூடிப் பார்த்தோம். இங்கே நிறுத்தமே ஏசி. நான் ஏற வேண்டிய பஸ் வந்தது. பார்த்தேன். ஏறிப் போனால் மறுபடி இறங்க வேண்டும். விட்டுவிட்டேன். அடுத்ததையும் விட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாகிஸ்தானி டிரைவர், "இங்கே யாரும் வாடகை கேட்பதில்லை, பயப்படாதீர்கள்" என்று இந்தியில் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அவர் எத்தனை பஸ்ஸை விட்டிருந்தார் என்று தெரியாது.

அங்கே உட்கார்ந்தபடிதான் சரவணனுக்குப் போன் செய்து, நித்யாவின் மாமா என்று சொன்னேன். நாளைக்குச் சாயங்காலம் க்ரீக் கரையைச் சுற்றிக் காட்டுங்கள், அப்படியே எங்கேயாவது உட்காரலாம் என்றேன். "எங்கேயாவது" என்பதில் கொஞ்சம் அழுத்தம் கொடுத்தேன். "சரிங்க சார்" என்றான்.

என் திட்டம் இதுதான். முதல் பாரில் வேண்டாம் என்பான், அது மரியாதை. இரண்டாவதில் வேண்டாம் என்பான், அது பயம். மூன்றாவதில் தொண்டை தன் வேலையைக் காட்டிவிடும். பையனுக்குச் சந்தேகம் வரக்கூடாது என்பதற்காக நானும் குடித்தாக வேண்டும். குடும்பத்துக்காகச் செய்கிற எதையும் நான் பெரிதாகச் சொல்லிக்கொள்வதில்லை.

மூன்றாம் நாள் ஐந்து மணிக்குத் தேரா படகுத் துறையில் சந்தித்தோம். ஒல்லியான பையன். நெற்றியில் லேசாக விபூதி, தோளில் ஒரு பை. விபூதியை நான் கணக்கில் எடுக்கவில்லை; அத்தானும் பூசுவார்.

அக்கரை பர் துபாய். இந்தப் பக்கம் மூட்டை ஏற்றும் மரக் கப்பல்கள், அந்தப் பக்கம் மண் நிறத்தில் பழைய வீடுகளும் காற்றை வீட்டுக்குள் இறக்கும் கோபுரங்களும். நடுவில் கடல் உள்ளே புகுந்து ஆறு மாதிரி கிடக்கிறது. அதுதான் க்ரீக். கடக்க அப்ரா என்கிற சின்ன மரப் படகு. எங்கள் ஊர் மினி பஸ்ஸுக்கும் இதற்கும் ஒரே வித்தியாசம், இதில் பாட்டுப் போட மாட்டார்கள். கிளம்பப் போகிற ஒன்றைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் ஓடிப் போய்த் தாவி ஏறிவிட்டேன். அதோடு இடம் நிறைந்தது. "யல்லா", போகலாம் என்றார் படகுக்காரர். சரவணன் கரையில் நின்றான்.

அக்கரை சேர்ந்ததும், பையனைத் தனியே விட்டுவிட்டோமே என்று அதே படகில் திரும்பினேன். அவன் அதற்குள் அடுத்த படகில் கிளம்பியிருந்தான். நடுத் தண்ணீரில் எதிரெதிரே வந்தோம். கை காட்டினேன். அவனும் காட்டினான். நான் தேராவில் இறங்கி, நிலைமையை யோசித்து, மறுபடி ஏறினேன். பங்களாதேஷ்காரப் படகுக்காரர் என்னை நன்றாகப் பார்த்துவிட்டு, "அண்ணா, உங்களுக்கு எந்தக் கரை வேண்டும்? சொன்னால் அங்கேயே விட்டுவிடுகிறேன்" என்று இந்தியில் கேட்டார். நல்லவேளை, சரவணன் அக்கரையில் அசையாமல் நின்றுகொண்டிருந்தான். குடிக்காதவன் அப்படித்தான் நிற்பான். அல்லது நிறையக் குடித்துப் பழகியவன்.

முதல் பார் ஒரு பழைய ஹோட்டலின் தரைத்தளத்தில். துபாயில் பார்கள் ஹோட்டலுக்குள்தான் இருக்கும். தெருவில் நின்று பார்த்தால் ஊரே கதர்க்கடை மாதிரி இருக்கிறது. வாசலில் நேபாளக் காவலாளி. என்னிடம் பாஸ்போர்ட் கேட்டார். சரவணனைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "வாங்க பாய். என்ன இன்னிக்குச் சாயங்காலம்?" என்று இந்தியில் கேட்டார்.

எனக்கு இந்தி அரைகுறைதான். ஆனால் அந்தக் கேள்வி முழுதாகப் புரிந்தது. வழக்கமாகக் காலையில் வருகிறவனிடம்தான் அப்படிக் கேட்பார்கள்.

உள்ளே இங்கிலாந்து மாதிரி ஒன்றைச் செய்து வைத்திருந்தார்கள். மர மேஜை, டிவியில் கால்பந்து, மூலையில் கிதாரோடு ஒரு பிலிப்பினோக்காரர். வேகவைத்த கொண்டைக்கடலை ஒரு கிண்ணம் இலவசமாக வந்தது. தேங்காய்ப்பூ மட்டும் தூவியிருந்தால் நவராத்திரி. சரவணன் எலுமிச்சை சோடா சொன்னான். நான் பீப்பாயிலிருந்து குழாய் வழியாகப் பிடித்துத் தரும் பீர் சொன்னேன். கோப்பை வந்ததும் அவன், "ஒரு நிமிஷம் சார்" என்று அதைத் தூக்கி விளக்குக்கு நேரே பிடித்தான். நுரையைப் பார்த்தான். கோப்பையின் ஓரத்தைப் பார்த்தான்.

"இது குடிக்கலாம் சார்."

நான் இருபத்தைந்து வருஷமாகக் குடிக்கிறேன். ஒரு நாளும் விளக்குக்கு நேரே பிடித்ததில்லை. இவன் என் வகுப்பு இல்லை, ஆசிரியர் வகுப்பு என்று பட்டது. நித்யாவின் முகம் ஞாபகம் வந்தது. ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தேன்.

"தம்பி இங்க அடிக்கடி வருவீங்களோ?"

"வாரத்துக்கு ஒரு தடவை சார்" என்றான், கூச்சமே இல்லாமல்.

இரண்டாவது பார் இரண்டு தெரு தள்ளி, மாடியில். உள்ளே மேடை. ஐந்து பெண்கள் பட்டுப்புடவையில் வரிசையாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள்; முறை வைத்து எழுந்து தமிழிலும் மலையாளத்திலும் சினிமாப் பாட்டுப் பாடினார்கள். கீழே நம் ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு, பள்ளி ஆண்டு விழாவுக்கு வந்த பெற்றோர் மாதிரி பயபக்தியாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கவுண்டரில் இருந்த மலையாளி சேட்டன் சரவணனைப் பார்த்துவிட்டார். "அடடே சரவணா, நீ உட்கார்ந்து இன்றைக்குத்தான் பார்க்கிறேன்" என்றார் அவருடைய மலையாளத் தமிழில். வழக்கமாக நின்றுகொண்டே குடிப்பான் போலிருக்கிறது. என் நெஞ்சில் இன்னொரு கல் விழுந்தது. அதை இறக்க அவசரமாக ஒரு குழாய் பீர் சொல்லிப் பாதி குடித்தேன். கை கழுவப் போயிருந்த சரவணன் திரும்பி வந்து கோப்பையைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தான்.

"சார், இங்க குழாய் வேண்டாம். பாட்டில் வாங்கிக்கங்க."

"ஏன்?"

"அப்புறம் சொல்றேன் சார்."

எந்தக் கடையில் எது குடிக்கலாம், எது கூடாது என்பது வரை தெரிந்திருக்கிறது. அக்காவுக்கு என்ன சொல்வது என்று மனசுக்குள் வாக்கியம் அமைக்க ஆரம்பித்தேன். பிடிவாதமாக மீதிப் பாதியையும் குடித்தேன்.

அந்தச் சமயத்தில்தான் பரிமாறுகிறவர் ஒரு தட்டில் மாலையோடு என் எதிரே வந்து நின்றார். ஜரிகை வைத்த பெரிய மாலை. எங்கள் பக்கத்து ஆளுக்கு ஒரு வியாதி உண்டு. கல்யாண வீடோ கட்சிக் கூட்டமோ, மாலையோடு ஒருவர் எதிரில் வந்தால் கழுத்து தானாகக் குனியும். நான் குனிந்தேன். அவர் திகைத்தார். வயதானவர், கூச்சப்படுகிறார் என்று நினைத்து நானே எடுத்துப் போட்டுக்கொண்டு, சுற்றிலும் ஒரு கும்பிடு போட்டேன்.

சரவணன் என் காதருகே வந்தான். "சார், அது உங்களுக்கு இல்ல. பாடுறவங்கள்ல யாருக்காவது போடச் சொல்லி நாம குடுக்கிறது. இங்க அதான் வழக்கம். விலை பில்லுல வரும்."

மேடையில் பாட எழுந்த பெண் மைக்கைப் பிடித்தார். "இந்தப் பாட்டு, தனக்குத் தானே மாலை போட்டுக்கிட்ட அண்ணனுக்காக." கைதட்டினார்கள். மாலையைக் கழற்றினால் இன்னும் அசிங்கம் என்பதால் பாட்டு முடியும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். சிரிப்பை அடக்க முடியாமல் சரவணன் சோடாவைச் சட்டையில் சிந்தினான். அதிலிருந்து என்னை "மாமா" என்றுதான் கூப்பிட்டான்.

மூன்றாவது பார் திரும்பவும் தேரா பக்கம், ஒரு ஹோட்டலின் மொட்டை மாடியில். கீழே க்ரீக். விளக்கு போட்ட படகுகள் போய்க்கொண்டிருந்தன. என் திட்டப்படி தொண்டை வேலை செய்ய வேண்டிய இடம். நாங்கள் உள்ளே நுழைந்த நேரம் கவுண்டரில் ஒரே களேபரம். குழாயைத் திறந்தால் பீர் வரவில்லை. நுரை மட்டும் வந்தது. சோப்புத் தண்ணீர் மாதிரி வழிந்து ஓடியது. மேனேஜர், கோவாக்காரர், சரவணனைப் பார்த்ததும் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"கம்பெனிக்குப் போன் போட்டால் நாளைக்குத்தான் ஆள் வருமாம். கடவுளாகப் பார்த்து அனுப்பியிருக்கிறார் உன்னை" என்றார்.

சரவணன் என்னைப் பார்த்தான். நான் எதற்கு என்று தெரியாமலே தலையாட்டினேன். பையைத் திறந்து ஒரு ஸ்பேனரும் டார்ச்சும் எடுத்தான். சட்டைக் கையை மடித்துக்கொண்டு கவுண்டருக்கு அடியில் தவழ்ந்து போய்விட்டான். அவன் கால் இரண்டும் மட்டும் வெளியே தெரிந்தன. கால் மணி நேரம் கழித்து எழுந்து வந்தபோது முழங்கை வரை ஈரம். குழாய் பொன் நிறத்தில் ஒழுங்காக ஊற்றியது. முதல் கோப்பை எனக்குத்தான் வந்தது, மேனேஜரின் அன்பளிப்பாக. இரண்டு வாய் குடித்தேன்.

"தம்பி, உங்களுக்கு என்ன வேலை?" என்றேன்.

"இதான் மாமா. பீர் போற லைனு, அதைக் குளிர வைக்கிற மெஷினு, எல்லாம் சர்வீஸ் பண்றது. காலையில பார் திறக்கிறதுக்கு முன்னாடி போய், லைன்ல மருந்து விட்டுக் கழுவிட்டு, பத்து மணிக்கு வெளிய வந்துருவோம். குளிர்சாதனப் பொறியாளர்னு போட்டது பொய் இல்ல. ஆனா எதைக் குளிர வைக்கிறேன்னு போடல."

பத்து மணி. நான் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"அப்ப நீங்க குடிக்கிறதே இல்லையா?"

"அந்தக் குழாய்க்குள்ள என்ன இருக்கும்னு நான் பார்த்திருக்கேன் மாமா."

"ரெண்டாவது பார்ல..."

"மூணு மாசமா அவங்க கழுவ விடல. அதான் வேண்டாம்னு சொன்னேன்."

கோப்பையை மேஜையின் அந்தக் கோடிக்குத் தள்ளி வைத்தேன்.

"நித்யாவுக்குத் தெரியுமா?"

"முதல் போன்லயே சொல்லிட்டேன். அவங்க அப்பா கதையச் சொன்னாங்க. அம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு பயந்துக்கிட்டு இருக்காங்க. நீங்களே சொல்லிருங்க மாமா. மறைச்சுக் கல்யாணம் வேண்டாம். அவங்க வேண்டாம்னா..." மேலே சொல்லாமல் டார்ச்சைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தான்.

கீழே இறங்கிப் படகுத் துறை பெஞ்சில் உட்கார்ந்தோம். துபாயில் வீடியோ அழைப்பு வேலை செய்யாது; என் முகத்தை அக்கா பார்க்க முடியாது. இத்தனை நாள் திட்டியவன் அன்றைக்கு அதற்கு நன்றி சொன்னேன். முதல் மணியிலேயே அக்கா எடுத்தாள்.

"சொல்லுடா."

"பையன் குடிக்கலக்கா."

"எப்படித் தெரியும்?"

"மூணு பாருக்குக் கூட்டிட்டுப் போய்ப் பார்த்தேன். எலுமிச்சை சோடாதான்."

"நீ?"

"நான் சோடா இல்ல."

"அது குரல்லயே தெரியுது. அப்பப் பத்து மணிக்கு அங்குட்டு என்ன பண்றானாம்?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு அக்கா நிதானமாகப் பேசினாள்.

"உங்க அத்தானுக்கு ஊத்திக் குடுத்தவங்க ஒருத்தனும் குடிக்க மாட்டாண்டா. வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டுச் சுத்தமா நின்னு ஊத்துவாங்க. வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக் குடுப்பாங்க."

ஸ்பீக்கரில்தான் போட்டிருந்தேன். சரவணன் கையை நீட்டினான். போனைக் கொடுத்தேன்.

"அத்தை, சரவணன் பேசுறேன்."

"சொல்லுங்க தம்பி."

"நீங்க சொல்றது சரிதான் அத்தை. நாளைக்கே வேலைய விட்டுறேன்னு பொய் சொல்ல மாட்டேன். காய்கறி, மீன் வைக்கிற கோல்ட் ஸ்டோரேஜ் பக்கம் மாத்திக் குடுங்கன்னு எழுதிக் குடுத்திருக்கேன். ஒரு வருஷம் ஆகலாம். கிடைக்காமலும் போகலாம். அதுவரைக்கும் இதுதான் என் வேலை. தெரிஞ்சே முடிவு பண்ணுங்க."

படகு ஒன்று வந்து சேர்ந்து, ஆட்கள் எல்லோரும் இறங்கிப் போனார்கள். சரவணன் போனை இரண்டு கையாலும் பிடித்திருந்தான்.

"அந்தக் குழாயில என்ன இருக்கும்?" என்றாள் திடீரென்று.

அவன் என்னைப் பார்த்தான்.

"அவனப் பாக்காதீங்க. சொல்லுங்க."

"பாசி மாதிரி இருக்கும் அத்தை. வழவழன்னு. இழுத்தா மூக்குச்சளி மாதிரி நீளமா வரும். சில எடத்துல கறுப்பாப் பூஞ்சை. நாத்தம் ரெண்டு நாள் கையை விட்டுப் போகாது."

"அப்புறம்?"

"ஒரு தடவை கரப்பான் கால் வந்துச்சு."

"கால் மட்டுமா?"

"கால் மட்டும்தான் அத்தை."

"மிச்சம்?"

"மிச்சத்த யாராவது குடிச்சிருப்பாங்க."

அக்கா சிரித்தாள். அவள் சிரிப்பு எப்படி இருக்கும் என்பதே எனக்குக் கொஞ்சம் மறந்து போயிருந்தது. சிரித்து முடித்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இவன் குடிச்சது எந்தக் குழாய்?" என்றாள்.

"மூணு குழாயிலயும் அத்தை. அதுல ஒண்ணு மூணு மாசமாக் கழுவாதது. நான் சொல்றதுக்குள்ள..."

"சொல்லாட்டி பரவாயில்ல, அவனுக்கு நல்லா வேணும்." குரல் மாறியது. "ஆவணியில லீவு கிடைக்குமா மாப்பிள்ளை? உங்க அம்மாவ என்கிட்டப் பேசச் சொல்லுங்க. இங்க தெருவுல யாராவது என்ன வேலைன்னு கேட்டா மறைக்காதீங்க. இப்ப என்கிட்டச் சொன்ன மாதிரியே விளக்கமாச் சொல்லுங்க. நாலு பேராவது குடிய நிறுத்துவாங்க."

"சரிங்க அத்தை" என்றான் சரவணன். போனை என்னிடம் நீட்டிவிட்டுத் தண்ணீர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

காதில் வைத்தேன்.

"மாப்பிள்ளைகிட்ட ஒரு குறையும் இல்லடா" என்றாள் அக்கா. "தாய்மாமனைத்தான் வேற பாக்கலாம்னு இருக்கு. ஆனா சீர் தூக்க ஆள் வேணும்ல."